பாகு பூக்கவில்லையா? இஞ்சி, தேசிக்காய்ச் சாற்றைச் சீனியில் பொடியாக்கும்போது வரும் கோளாறுகள்

பலகாரம் செய்கிறவர்களுக்குப் பாகு பூப்பதென்றால், அதாவது கரைந்த சீனி மறுபடி மணியாகத் திரள்வதென்றால், பயம். தாச்சியின் ஓரத்தில் வெள்ளையாக மணி கட்டத் தொடங்கினாலே என் மாமி அரைத் தேசிக்காயை எடுத்து நாலு சொட்டுப் பிழிந்துவிடுவார். பாகு பிறகு கண்ணாடி மாதிரி நிற்கும். இஞ்சிச் சாறு மாதிரி ஒன்றைச் சீனியோடு காய்ச்சி, கரைத்துக் குடிக்கிற பொடியாக்குகிறவர்களுக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். பாகு பூக்க வேண்டும், ஒரே மூச்சில், தாச்சிக்குள்ளேயே, முழுவதும் பூக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகிற கோளாறுகளில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஆலைகளில் இதற்கு இணைப்படிகமாக்கல் என்று பெயர். கடையில் வாங்கும் சீனியின் ஒரு மணி ஒரே கெட்டிப் படிகம். அதையே கரைத்து, வற்றக் காய்ச்சி, வேகமாகக் கிண்டிப் பூக்கவைத்தால் மைக்ரோன் கணக்கில் அளக்க வேண்டிய சின்னஞ்சிறு படிகங்கள் கொத்துக்கொத்தாக ஒட்டி நிற்கும். இடையில் நிறைய வெற்றிடம். சாற்றின் உறைப்பும் மணமும் போய் உட்காருவது அந்த இடுக்குகளில்தான். தெளித்து உலர்த்தும் இயந்திரமோ உறையவைத்து உலர்த்தும் இயந்திரமோ இல்லாத ஒரு வீட்டுக் குசினியில், அகன்ற தாச்சியும் மர அகப்பையும் மட்டும் வைத்துச் செய்யக்கூடியது இது ஒன்றுதான். திருகோணமலை உப்புவெளியில் என் குசினியில் நடப்பதும் இதுதான்.

சரியாக வந்தால் எப்படி வரும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அரைக் கிலோ இஞ்சியைத் தோல் சீவி, 300 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து, இரண்டு மணித்தியாலம் அசையாமல் வைத்து, தெளிந்த சாற்றை மட்டும் இறுத்தெடுத்து, அரைக் கிலோ வெள்ளைச் சீனியோடு கொதிக்கவிடுங்கள். முதலில் சின்னக் குமிழிகளும் நுரையும் வரும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழிகள் பெருத்து, சோம்பலாக வெடிக்கும். வெப்பமானி 120 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது நெருப்பைக் குறைத்துக் கை ஓயாமல் கிண்ட வேண்டும். பளபளப்பு மங்கும், பால் விட்டதுபோல் வெளிறும், அகப்பை திடீரென்று கனக்கும், பிறகு ஈர மணல்போல் உதிரத் தொடங்கும். அந்த நேரம் ஆவி குபீரென்று எழும். படிகமாகும்போது சீனி வெப்பத்தை வெளிவிடுகிறது, அந்த வெப்பமே மிச்ச ஈரத்தையும் விரட்டுகிறது. முகத்தைத் தள்ளி வையுங்கள். பாகு பட்ட தோலில் அது ஒட்டிக்கொண்டே சுடும் என்பதால் கொதிதண்ணீர்க் காயத்தைவிட மோசம். பிள்ளைகளைக் குசினிக்குள் விடாதீர்கள்.

இனிக் கோளாறுகள்.

கிண்டிக் கிண்டிக் கை ஓய்ந்துவிட்டது, பாகு பாகாகவே கிடக்கிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். காரணம் நாலில் ஒன்றாக இருக்கும். இந்த ஒழுங்கிலேயே பாருங்கள்.

முதலாவது, தண்ணீர் இன்னும் போகவில்லை. 20 டிகிரியில் ஒரு கிராம் தண்ணீரில் இரண்டு கிராம் சீனி கரைந்து நிற்கும். 100 டிகிரியில் ஏறக்குறைய ஐந்து கிராம் நிற்கும். சூடான பாகு அவ்வளவு சீனியைப் பிடித்துவைத்திருக்கும்போது நீங்கள் கிண்டுவது வீண். தண்ணீர் மிகக் குறைந்து, சீனிக்கு நிற்க இடமில்லாமல் போனால்தான் அது வெளியே வரும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். விரலில் நசிகிற மெத்தென்ற உருண்டை வந்தால் இன்னும் காய்ச்ச வேண்டும். கோப்பையில் போட்டால் டக்கென்று சத்தம் கேட்கிற இறுக்கமான உருண்டை வந்தால் நெருப்பைக் குறைத்துக் கிண்டலாம்.

வெப்பமானியையும் ஒருமுறை சந்தேகியுங்கள். வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் விட்டுப் பாருங்கள். திருகோணமலை கடல் மட்டத்தில் இருக்கிற ஊர், இங்கே 100 காட்ட வேண்டும். 96 காட்டினால் உங்கள் 120 உண்மையில் 124. நுவரெலியாவில் இருக்கிற என் தங்கச்சிக்கு இந்தக் கணக்கு சரிவராது. அங்கே தண்ணீர் 94 அளவிலேயே கொதித்துவிடும், பாகின் பதமும் அந்த அளவுக்குக் கீழே இறங்கும்.

இரண்டாவது, மண்டி. இஞ்சியை அரைத்துப் பிழிந்த சாற்றில் வெள்ளையாக அடியில் தங்குவது மாப்பொருள். அதை அவசரத்தில் கலக்கி ஊற்றினால் சூட்டில் கஞ்சியாகி, சீனி மணிகள் ஒன்றையொன்று சேரவிடாமல் நடுவில் நின்றுகொள்ளும். பொறுத்திருந்து தெளிவை மட்டும் எடுப்பதற்கு வேறு மருந்து கிடையாது. விளாம்பழம் இந்த முறைக்கு ஒத்துவராததற்கும் இதே மாதிரிக் காரணம்தான். அதில் இருக்கிற பெக்டின் என்ற பசைப்பொருள் பாகை ஜாம் ஆக்கிவிடும். விளாம்பழத்தை ஜாமாகவே செய்யுங்கள், அதுதான் அதற்கு அழகு.

மூன்றாவது, சீனி. சிவப்புச் சீனி, சர்க்கரை (வெல்லம்), பனங்கட்டி இவையெல்லாம் ஆரோக்கியம் என்று சிலர் போடுகிறார்கள். இவற்றில் தனியாகப் பிரிந்து நிற்கிற குளுக்கோசும் புரக்டோசும் உப்புக்களும் வெள்ளைச் சீனியைவிட அதிகம் கலந்திருக்கும். நிறத்துக்காகக் கால்வாசி கலந்தால் தப்பலாம், முழுவதும் போட்டால் பெரும்பாலும் பிசினாகத்தான் முடியும்.

நான்காவது, புளிப்பு. இதுதான் உண்மையான வில்லன். சீனி என்பது குளுக்கோசும் புரக்டோசும் கைகோத்து நிற்கிற ஒரு சோடி. அமிலமும் சூடும் சேர்ந்தால் கை விட்டுவிடும். பிரிந்த இரண்டும் படிகமாகாமல் பாகை இளக்கி வைத்திருக்கும். மாமி பிழிந்த நாலு சொட்டுத் தேசிக்காய் செய்கிற வேலை இதுதான். எங்கள் ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. பனையிலிருந்து இறக்குகிற முட்டியில் உள்ளே சுண்ணாம்பு தடவுவது எதற்கு? நீர் புளித்துக் கள்ளாகாமல் கருப்பநீராக இருப்பதற்கு. புளித்த நீரைக் காய்ச்சினால் பனங்கட்டி இறுகாது. அமிலம் சீனியைக் கெடுக்கும் என்பதை ஆய்வுகூடம் இல்லாமலே கண்டுபிடித்துவைத்திருக்கிறார்கள்.

இஞ்சியில் புளிப்பு மிகக் குறைவு, அதனால்தான் பழகுகிறவர்கள் இஞ்சியில் தொடங்க வேண்டும் என்று சொல்கிறேன். பழைய, லேசாகப் புளித்த சாறு என்றால் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடலாம். சிட்டிகைக்கு மேல் போனால் நிறம் கறுக்கும், சவர்க்கார வாடையும் வரும்.

தப்பவைக்க வழி? பதம் சரி, ஆனால் பூக்க மறுக்கிறது என்றால் ஒரு மேசைக்கரண்டி அரைத்த சீனியைத் தூவிக் கிண்டுங்கள். பாலுக்கு உறை மோர் மாதிரி அது. அந்த மணிகளைப் பார்த்து மற்றச் சீனி வந்து ஒட்டும். அதற்கும் அசையவில்லை என்றால் சண்டை பிடிக்காதீர்கள். கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு இளக்கிப் போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அது இனி இஞ்சிப் பாணி. தேத்தண்ணீருக்கும் அப்பத்துக்கும் நன்றாகவே இருக்கும். விற்பவர்கள் விலையை மட்டும் மாற்ற வேண்டும்.

தேசிக்காய்ப் பொடி செய்யப் போய்ப் பிசின் வந்தது

மேலே சொன்ன நான்காவது காரணத்தின் உச்சக்கட்டம் இது. என் முதல் தேசிக்காய் முயற்சியும் இப்படித்தான் போனது. ஒரு கிலோ சீனி, இருபத்தைந்து தேசிக்காய், அதுவும் மார்கழி மழையில். மூன்று மணித்தியாலம் கிண்டி, கடைசியில் அகப்பையைத் தூக்கினால் தாச்சியும் கூடவே வந்தது.

தேசிக்காய்ச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சித்திரிக் அமிலம். புளிப்பை அளக்கிற பிஎச் கணக்கில் (எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும்) அது 2 முதல் 2.5 வரை. அந்தச் சாற்றோடு சீனியை முக்கால் மணித்தியாலம் கொதிக்கவைத்தால் தாச்சியில் இருப்பது அதன்பின் சீனியே அல்ல, வேறு இரண்டு பொருட்கள். சீனியைக் கூட்டினாலும் நெருப்பைக் கூட்டினாலும் அது திரும்பி வராது.

ஆகவே சாற்றைக் கொதிக்கவிடாமல் சுற்றிப் போக வேண்டும். அரைக் கிலோ சீனியை 150 மில்லிலீற்றர் வெறும் தண்ணீரில் கரைத்து 125 டிகிரி தாண்டும்வரை காய்ச்சுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிக் கிண்டுங்கள். வெளிறத் தொடங்குகிற கணத்தில் ஆறு தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் துருவிப் போடுங்கள். வெள்ளைப் பகுதி பட்டால் கைக்கும். தேசிக்காயின் மணம் முழுக்கத் தோலின் எண்ணெயில்தான் இருக்கிறது, சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்பு. பொடி நன்றாக ஆறிய பிறகு 20 கிராம் சித்திரிக் அமிலத் தூளைக் காய்ந்தபடியே கலந்துவிடுங்கள். கடைகளில் வாங்குகிற பானத் தூள்களில் புளிப்பு வருவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

இது சாறில்லாத பொடிதானே, ஏமாற்றில்லையா என்று ஒரு அக்கா கேட்டார். லேபலில் தோல், சித்திரிக் அமிலம் என்று உள்ளபடி எழுதினால் ஏமாற்றில்லை. புளியும் அன்னாசியும் மாம்பழமும் சாற்றைச் சீனியோடு காய்ச்சுகிற வழியில் வரவே வராது. அவற்றின் அமிலம் போதாதென்று, குளுக்கோசும் புரக்டோசும் பழத்திலேயே வேறு இருக்கின்றன.

பூத்தது, ஆனால் கல்லாகிவிட்டது

எப்படிப்பட்ட கல் என்று பாருங்கள். வெள்ளையாக, உள்ளே பார்வை போகாத கல் என்றால் அது நல்ல படிகம்தான். பூக்கும் நேரத்தில் கிண்டுவதை நிறுத்திவிட்டீர்கள், அல்லது பெரிய தாச்சியில் நடுப்பகுதிக்கு அகப்பை போகவில்லை. இளஞ்சூடாக இருக்கும்போதே உடைத்து, ஆறவிட்டு, உரலில் இடித்து, அரிதட்டில் அரித்தால் போதும். நட்டம் இல்லை.

கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுகிற கல் என்றால் அது படிகமே ஆகவில்லை, இனிப்புக் கட்டி. இதை இடித்துப் பொடியாக்கலாம், முதல் நாள் பொடி மாதிரித்தான் இருக்கும். மூன்றாம் நாள் மறுபடி ஒரே கட்டியாகிவிடும். காய்ந்த சீனிக் கண்ணாடி 62 டிகிரியில் இளகத் தொடங்கும். குளுக்கோஸ் என்றால் 31, புரக்டோஸ் என்றால் 5. நம்மூர்ச் சித்திரை வெயிலில் குசினி அலுமாரிக்குள் 31க்கு மேல் போவது பெரிய காரியமா? ஈரம் பட்டால் இந்த எண்கள் இன்னும் இறங்கும். தண்ணீர் விட்டுக் கரைத்து முதலிலிருந்து தொடங்குங்கள், ஒருமுறை மட்டும். இரண்டாம் முறையும் இப்படியே வந்தால் சாற்றில் கோளாறு இருக்கிறது.

நேற்றுப் பொடி, இன்று கட்டி

திருகோணமலையில் பொடி செய்கிறவர்களின் நிரந்தரத் தலைவலி. சுத்தமான சீனி, காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்தை நெருங்கும்வரை தண்ணீரை இழுக்காது. புரக்டோஸ் 60ஐத் தாண்டினாலே இழுக்கத் தொடங்கிவிடும். இரண்டும் கலந்திருந்தால் இன்னும் சீக்கிரம். கடலுக்கு அருகில், மாரி காலத்து இரவில், 85ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். ஆகவே சரியாகப் பூத்த பொடிக்கும் மாரியில் ஆபத்துண்டு, அரைகுறையாகப் பூத்த பொடிக்கு வருடம் முழுவதும் ஆபத்து.

எது உங்கள் கதை என்று தெரிய ஒரு சோதனை. கட்டியை விரல்களுக்கிடையில் நசித்துப் பாருங்கள். காய்ந்து உதிர்ந்தால் வெளி ஈரம் வந்து போயிருக்கிறது. இரவில் ஈரம் ஏறி மணிகளின் மேல்தோல் கரைகிறது, பகலில் காய்ந்து ஒன்றோடொன்று பாலம் கட்டிக்கொள்கிறது. திரும்ப அரித்து நல்ல போத்தலில் போட்டால் சரி. பிசுபிசுவென்று விரலில் இழுபட்டால் உள்ளேயே புரக்டோஸ் இருக்கிறது. அதை எந்தப் போத்தலும் காப்பாற்றாது, வீட்டில் சீக்கிரம் குடித்து முடியுங்கள்.

அடிக்கடி நடக்கிற இன்னொரு பிழை, சூட்டோடு அடைப்பது. கை பொறுக்கும் சூடுதானே என்று மூடினால் உள்ளே எழும் ஆவி மூடியில் வேர்த்து மறுபடி பொடியில் சொட்டும். அகன்ற தட்டில் பரப்பி முழுவதும் ஆறவிட்ட பிறகுதான் கிறைண்டரில் போட வேண்டும். நீண்ட நேரம் அரைக்கவும் கூடாது, கத்தி சூடாகிப் பொடி மறுபடி இளகும். நாலைந்து தரம் விட்டுவிட்டு அடியுங்கள்.

பைக்கற்றைப் பற்றி நான் காசு கொடுத்துப் படித்த பாடம் ஒன்று. மெல்லிய பொலித்தீன் தண்ணீரைத் தாங்கும், ஆனால் நீராவியை மெதுவாக உள்ளே விடும், மணத்தை வெளியே விடும். எனக்குப் பொலித்தீன் விற்றவர் சத்தியம் செய்துதான் விற்றார். ஒரு கார்த்திகையில் நாற்பது பைக்கற் திரும்பி வந்தது. உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பைக்கற், அல்லது இறுகமூடுகிற கண்ணாடிப் போத்தல், இரண்டில் ஒன்று. சித்திரிக் அமிலம் கலந்த தேசிக்காய்ப் பொடிக்கு இது கட்டாயம். சீனியும் அந்த அமிலமும் ஒன்றாக இருந்தால் தனித்தனியாக இருப்பதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். நான் அமிலத்தைப் பைக்கற் பண்ணுகிற அன்றுதான் கலக்கிறேன்.

காலத்தையும் பாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பகலில் செய்தால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். (கச்சான் கடலையைச் சொல்லவில்லை, வறண்ட தென்மேற்குக் காற்றைச் சொல்கிறேன்.) அந்த மாதங்களில் மாரிக்கும் சேர்த்துச் செய்து அடைத்துவைப்பதுதான் என் வழக்கம். ஐப்பசிக்குப் பிறகு யாராவது அவசரமாகப் பொடி கேட்டால் மட்டும், காலை பத்து மணிக்கு மேல், மழை விட்ட நாளில் அடுப்பு மூட்டுவேன்.

நிறம் கறுத்துவிட்டது

அடி பிடித்திருக்கும். மெல்லிய தாச்சி, பெரிய நெருப்பு, கடைசிப் பத்து நிமிடத்தில் கவனம் வேறெங்கோ. சீனி 160 டிகிரிக்கு மேல் கருகத் தொடங்கும். பாகு முழுவதும் 125இல் இருந்தாலும் தாச்சியின் அடி அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். தடித்த அடியுள்ள பாத்திரம் எடுங்கள். இளம் மஞ்சள் நிறத்துக்குப் பயப்பட வேண்டாம், இஞ்சிப் பொடி அப்படித்தான் இருக்கும்.

உறைக்கிறது, மணம் இல்லை

இஞ்சியின் உறைப்பும் மணமும் ஒரே பொருளில் இல்லை. உறைப்பைத் தருகிற ஜிஞ்ஜரோல் ஆவியாகிப் போகாது. சூட்டில் அதில் ஒரு பங்கு ஷோகாவோலாக மாறும், அது இன்னும் உறைப்பு. மணம் தருகிற எண்ணெய்களோ முதல் கொதியிலேயே சன்னலால் போய்விடும். வீடு முழுக்க இஞ்சி மணக்கிறது என்றால் போத்தலில் அது குறைகிறது என்று அர்த்தம்.

தெளிந்த சாற்றில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். பாகு வெளிறுகிற நேரத்தில் அதை ஊற்றி, கை ஓயாமல் கிண்டுங்கள். கொஞ்சம் இளகிப் பின்னுக்குப் போகும், பதறாமல் மெல்லிய நெருப்பில் கிண்டினால் திரும்பி வரும். அதற்கு மேல் விட்டால் வராது. ஏலக்காய், கறுவா போடுகிறவர்கள் அவற்றைக் காய்ந்த தூளாகவே கடைசியில் சேர்க்கலாம்.

கோப்பையின் அடியில் மண்டி தங்குகிறது

துணி போதவில்லை. இரண்டு மடிப்பு வைத்துப் பிழியுங்கள், மாப்பொருளை அடையவிடுங்கள். வீட்டுக்கு என்றால் இது ஒரு குறையே இல்லை.

தேங்காய்ப்பால் விட்டேன், எண்ணெய் கசிகிறது

கசியத்தான் செய்யும். சீனி மணிகளுக்கிடையில் இருக்கிற இடம் கொஞ்சம் எண்ணெயைத்தான் பிடித்துவைக்கும், தேங்காய்ப்பாலில் இருப்பதோ நிறைய. கிண்ணியாத் தயிரைப் பொடியாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். புளிப்பும் புரதமும் கொழுப்பும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் அது, இந்த முறைக்கு மூன்று பக்கமும் எதிரி.

விற்கிறவர்களுக்கு இன்னொன்று. இந்தப் பொடி ஒரு கரண்டி எடுத்தால் அதில் ஏறக்குறைய முழுவதும் சீனிதான். இஞ்சி உடம்புக்கு நல்லது என்று நினைத்து நீரிழிவு உள்ளவர்கள் வாங்குவார்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். என்னிடம் வாங்குகிற வயதானவர்களுக்கு வெறும் இஞ்சியைக் காயவைத்து இடித்து வேறாகக் கொடுக்கிறேன். பாகால் வருகிற எந்தக் கோளாறும் அதற்கு வராது.

கடைசியில் தாச்சியைக் கத்தியால் சுரண்டாதீர்கள். ஒட்டியிருப்பதெல்லாம் இஞ்சியும் சீனியும்தானே. இரண்டு கோப்பைத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, தேயிலையைப் போட்டு இறக்கினால் தாச்சியும் சுத்தம், பின்னேரத் தேத்தண்ணீரும் ஆயிற்று.